படம் தெளிவாக விழட்டும்



எருமப்பட்டி, பவித்திரம், சேந்தமங்கலம் பக்கம் இன்று எந்த வீட்டுக்குப் போனாலும் டிவி மேஜையிலோ சாமி படத்துக்குப் பக்கத்திலோ ஒரு மாத்திரை டப்பா இருக்கிறது. சுகருக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று. 2021 ஆகஸ்ட் மாதம் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கிய பிறகு, அந்த மாத்திரையைப் பலருக்கு வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நல்ல காரியம்.

மாத்திரை வீடு தேடி வந்துவிட்டது. கண் பரிசோதனை?

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 'இன்டியாப்' ஆய்வு 2023-ல் சொன்னது. நம் சென்னையில் இருக்கும் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் முன்நின்று நடத்திய ஆய்வு அது. சுகர் வந்தவரிடம் காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம், கிட்னியைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம். கண்ணைப் பற்றிய நினைப்பு கடைசியில்தான் வருகிறது. விழித்திரை கெடும்போது வலிக்காது. ஆரம்பத்தில் பார்வையும் குறையாது. குறைந்தது தெரியும்போது பாதி தூரம் போயிருக்கும்.

அதைக் கண்டுபிடிக்கத்தான் இப்போது கண் மருத்துவமனைகளில் 'ஓசிடி ஸ்கேன்' எழுதிக் கொடுக்கிறார்கள். முழுப் பெயர் ஆப்டிகல் கோஹிரன்ஸ் டோமோகிராஃபி. நம்மில் பலர் அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியிருப்போம். வழவழப்பான தாளில் கறுப்பும் வெள்ளையுமாக வரி வரியாக ஒரு படம். நடுவில் சின்னப் பள்ளம். ஓரத்தில் பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்கள். டாக்டர் அதைப் பார்த்துத் தலையாட்டுவார். நாம் டாக்டர் முகத்தைப் பார்ப்போம்.

இந்த மாதம் அந்தப் படத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச நினைக்கிறேன். அது எப்படி உருவாகிறது, ஏன் சில பேருக்கு மட்டும் மங்கலாக விழுகிறது, அதைக் கம்ப்யூட்டர் எப்படித் தெளிவாக்குகிறது, இதில் நம் வீட்டுக்கு என்ன வேலை இருக்கிறது என்பதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

விழித்திரை என்பது கண்ணின் பின்சுவரில் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு. நடுப்பகுதியில் அதன் தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர். அந்தக் கால் மில்லிமீட்டருக்குள் பத்து அடுக்குகள். எந்த அடுக்கில் நீர் கோத்திருக்கிறது, எது மெலிந்திருக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஊசி இல்லை, எக்ஸ்ரே இல்லை, கண்ணைத் தொடுவதும் இல்லை.

வயிற்று ஸ்கேன் ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்குகிறது. ஓசிடி கண்ணுக்கு இதமான அகச்சிவப்பு ஒளியை அனுப்புகிறது. ஆனால் ஒளி போய்த் திரும்பும் நேரத்தை நேரடியாக அளக்கும் கடிகாரம் கிடையாது. அதனால் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைக் கண்ணுக்கும் இன்னொன்றைக் கண்ணாடிக்கும் அனுப்பி, திரும்பி வருவதை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கிறார்கள். சேரும்போது உண்டாகும் ஏற்ற இறக்கத்திலிருந்து, எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று கணக்கு சொல்லிவிடும்.

அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் ஹுவாங், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ, எரிக் ஸ்வான்சன் குழுவினர் 1991-ல் 'சயின்ஸ்' இதழில் இதை வெளியிட்டார்கள். மூவருக்கும் 2023-ல் லாஸ்கர் விருது கிடைத்தது. முந்தைய தலைமுறை மெஷின்கள் ஆழவாக்கில் நொடிக்கு 400 கோடுகள் எடுத்தன. இன்றைய மெஷின்கள் பல்லாயிரம் எடுக்கின்றன, சில ஒரு லட்சத்தைத் தொடுகின்றன. 5 மைக்ரான் அளவு வரை, அதாவது ஒரு மில்லிமீட்டரை இருநூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு வரை, பிரித்துக் காட்டுகின்றன.

இங்கே ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஓசிடி படம் கேமராவில் பிடித்த போட்டோ அல்ல. மெஷினுக்குள் வந்து விழுவது ஒளி அலைகளின் ஏற்ற இறக்கம் மட்டுமே. அதைக் கம்ப்யூட்டர் 'ஃபூரியர் மாற்றம்' என்ற கணக்கில் போட்டுத்தான் படமாக்குகிறது. வரும் வழியில் கருவிழியும் லென்ஸும் ஒளியின் நிறங்களைச் சற்றே பிரித்துவிடுவதால் படம் மழுங்கும். அதையும் கணக்கில்தான் சரிசெய்கிறார்கள். கணக்கு சரியாக இருந்தால்தான் படம். அதனால்தான் படத்தைத் தெளிவாக்கும் டிஜிட்டல் வேலை, மெஷினின் லென்ஸுக்குச் சமமான முக்கியத்துவம் பெறுகிறது.

சரி, படம் ஏன் மங்குகிறது?

முதல் காரணம், ஒளியின் இயல்பு. லேசர் டார்ச்சைச் சுவரில் அடித்துப் பாருங்கள். அந்த வெளிச்சப் புள்ளிக்குள் மணல் மணலாக மினுமினுக்கும். அதே மினுமினுப்பு ஓசிடி படத்திலும் உண்டு. 'ஸ்பெக்கிள்' என்பார்கள். பொடிப் பொடியான அந்தப் புள்ளிகள் அடுக்குகளின் எல்லையை மறைத்துவிடும்.

இரண்டாவது காரணம், நம் கண். கண்புரை இருந்தால் ஒளி முழுதாக உள்ளே போகாது. கண் வறண்டிருந்தால் மேற்பரப்பிலேயே சிதறிவிடும். தலை நடுங்கினாலோ, பார்வை ஓர் இடத்தில் நிற்காவிட்டாலோ படம் அலைந்துவிடும்.

மூன்றாவது, ரத்தக் குழாய்கள். அவை ஒளியைத் தடுப்பதால், அவற்றுக்குக் கீழே இருக்கும் பகுதியில் நிழல் விழும்.

இதில் வருத்தமான விஷயம் என்ன தெரியுமா? இந்த ஸ்கேன் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் படம் மோசமாக விழுகிறது. இருபது வயதுப் பையன் உட்கார்ந்தால் ஒரே தடவையில் பளிச்சென்று வந்துவிடும். எழுபது வயது அம்மாயி உட்கார்ந்தால்?

எருமப்பட்டியில் காலை பஸ் ஏறி நாமக்கல்லோ சேலமோ போகிற ஓர் அம்மாயியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆயுளெல்லாம் மரவள்ளிக் காட்டிலும் கோழிப்பண்ணையிலும் வெயிலும் தூசியும் பட்ட கண். இரண்டு கண்ணிலும் புரை, பதினைந்து வருஷத்துச் சுகர். மோவாயைத் தாங்கியில் வைக்கச் சொல்கிறார் டெக்னீஷியன். "அம்மா, உள்ளே தெரியுற சின்ன வெளிச்சத்தையே பாருங்க. சிமிட்டாதீங்க" என்கிறார். "தெரியுதுங் கண்ணு, ஆனா அது நிக்க மாட்டேங்குதே" என்கிறார் அம்மாயி. வெளிச்சம் நின்றுகொண்டுதான் இருக்கிறது. அலைவது அவர் கண்.

படம் சரியில்லை என்றால் நஷ்டம் யாருக்கு?

சுகரால் விழித்திரை நடுவில் நீர் கோத்திருந்தால், கண்ணுக்குள் ஊசி போட வேண்டுமா, போட்டது போதுமா என்பதை டாக்டர்கள் பெரும்பாலும் ஓசிடி காட்டும் தடிமனை வைத்தே முடிவு செய்கிறார்கள். அடுக்கின் மேல் எல்லை இது, கீழ் எல்லை இது என்று மெஷினே கோடு போட்டு, இடைவெளியை அளந்து எண்ணாகக் கொடுக்கிறது. படம் மங்கலாக இருந்தால் அந்தக் கோடு தடம் மாறும். கோடு மாறினால் எண் மாறும். ஒவ்வொரு ஊசிக்கும் ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் குடும்பத்துக்கு அது சின்ன விஷயமா?

கண் அழுத்த நோய்க்கும் இதே கதைதான். கண் நரம்பு இழைகளின் தடிமனை அளந்து, அந்த வயதில் இருக்க வேண்டிய அளவோடு ஒப்பிட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ரிப்போர்ட் அச்சாகிறது. திரும்பி வரும் ஒளி, அதாவது சிக்னல், குறைவாக இருந்தால், நன்றாக இருக்கும் நரம்பும் மெலிந்தது போல அளவு வரும். பச்சையாக இருக்க வேண்டிய கட்டம் சிவப்பாகிவிடும். அந்தச் சிவப்பைப் பார்த்து வீடே தூக்கம் கெட்டுப்போகும். மறுபடி ஒரு நாள் கூலியை விட்டு, துணைக்கு மகனையோ மருமகளையோ கூட்டிக்கொண்டு மறுபடி பஸ் ஏற வேண்டும்.

ஆகவே, படத்தைத் தெளிவாக்குவது ஏழைக் குடும்பத்தின் நேரத்தையும் பணத்தையும் காப்பாற்றும் வேலை.

அதை எப்படிச் செய்கிறார்கள்?

பழகிய வழி, ஒரே இடத்தைப் பல முறை படம் எடுத்துச் சராசரி பார்ப்பது. கண் இம்மியளவு நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒவ்வொரு படத்திலும் பொடிப் புள்ளிகள் வேறு வேறு இடத்தில் விழும். விழித்திரையின் அடுக்குகள் மட்டும் அதே இடத்தில் இருக்கும். எல்லாப் படங்களையும் ஒன்றின் மேல் ஒன்று சரியாகப் பொருத்திச் சராசரி எடுத்தால் புள்ளிகள் அடங்கும், அடுக்குகள் எழும்பும். 4 படம் எடுத்தால் அந்தப் புள்ளிகளின் கலக்கம், அதாவது 'இரைச்சல்', பாதியாகும். கால்வாசியாக வேண்டும் என்றால் 16 படம் வேண்டும். கண் நகர்ந்தால் கூடவே நகரும் வசதியும் நல்ல மெஷின்களில் உண்டு. ஆனால் அத்தனை நேரம் அம்மாயி சிமிட்டாமல் உட்கார வேண்டுமே!

இன்னொரு வழி, வடிகட்டிகள். ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள புள்ளிகளோடு ஒப்பிட்டு, பொருந்தாமல் துருத்திக்கொண்டிருப்பதை மென்பொருள் சமன் செய்யும். இதில் அளவு முக்கியம். முறத்தை வேகமாகப் புடைத்தால் உமியோடு நொய்யும் பறந்துவிடும் அல்லவா? அதுபோல, அளவுக்கு மீறி வடிகட்டினால் புள்ளிகளோடு நோயின் நுண்ணிய அடையாளமும் போய்விடும்.

ரத்தக் குழாய் நிழலுக்கும் வழி கண்டிருக்கிறார்கள். மேலிருந்து கீழே போகப் போக ஒளி எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட்டு, குறைந்ததை ஈடுகட்டும் முறையை மைக்கேல் ஜிரார் குழுவினர் 2011-ல் வெளியிட்டார்கள். நிழலில் மறைந்திருந்த பகுதியும், கண் நரம்பின் ஆழமான பகுதியும் அதில் நன்றாகத் தெரிய ஆரம்பித்தன.

அடுத்தது செயற்கை நுண்ணறிவு. சிங்கப்பூரில் ஸ்ரீபாத் கிருஷ்ண தேவல்லா, ஜிரார் முதலானோர் செய்த ஆய்வு 2019-ல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் வந்தது. அவர்கள் செய்தது எளிமையான யோசனை. பல முறை எடுத்துச் சராசரி செய்த 2,328 தெளிவான படங்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் தாங்களாகவே இரைச்சலைக் கலந்தார்கள். கலங்கிய படத்தையும் தெளிந்த படத்தையும் ஜோடி ஜோடியாகக் காட்டி, இதிலிருந்து அதை எப்படி மீட்பது என்று கம்ப்யூட்டருக்குப் பழக்கினார்கள். பிறகு, அது பார்த்தே இராத, ஒரே தடவை எடுத்த 1,552 படங்களைக் கொடுத்தார்கள். இரைச்சலோடு ஒப்பிட்ட சிக்னல் அளவு சராசரியாக 4.02 டெசிபலிலிருந்து 8.14 டெசிபலாக உயர்ந்தது. ஒரு படத்துக்குப் பிடித்த நேரம், ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கும் குறைவு.

இதன் அர்த்தம் என்ன? சிமிட்டாமல் உட்கார முடியாத அம்மாயிக்கு, ஒரே தடவை எடுத்த படத்திலிருந்தே தெளிவான படம் கிடைக்க வழி பிறந்திருக்கிறது. எனக்கு இது மனநிறைவைத் தரும் செய்தி. உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்புகிறேன்.

ஆனால், மகிழ்ச்சியோடு கொஞ்சம் ஜாக்கிரதையும் வேண்டும்.

படம் அழகாக இருப்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு. 2018-ல் கனடாவின் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் மூளை எம்ஆர்ஐ படங்களை வைத்து ஒன்றைக் காட்டினார்கள். கட்டி இல்லாத படங்களை மட்டும் காட்டிப் பழக்கிய செயற்கை நுண்ணறிவு, கட்டி உள்ள படத்தை மாற்றித் தரும்போது கட்டியையே காணாமல் செய்துவிட்டது. கட்டி உள்ள படங்களை அதிகம் காட்டிப் பழக்கியபோது, இல்லாத கட்டியை வரைந்தது. கண் படத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். நல்ல கண்களையே பார்த்துப் பழகிய மென்பொருள், நம் ஊர்க் கண்ணின் நோயை இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடக் கூடாது.

அதனால்தான், மெருகேற்றிய படத்தோடு அசல் படத்தையும் மருத்துவமனை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். டாக்டர் இரண்டையும் பார்க்க வசதி வேண்டும். நம் மாநிலத்து முதியவர்களின், சுகர் நோயாளிகளின் கண்களில் சோதித்த மென்பொருளாக அது இருக்க வேண்டும். புரை முற்றி ஒளியே உள்ளே போகவில்லை என்றால், எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. வராத சிக்னலைக் கணக்கு கொண்டுவராது.

இன்னொரு பாடமும் நம் முன்னால் இருக்கிறது. சுகர் நோயாளிகளின் விழித்திரைப் போட்டோவைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை கூகுள் உருவாக்கியபோது, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அதில் கைகோத்தன. 2016-ல் வந்த அந்த ஆய்வு உலகமெங்கும் பேசப்பட்டது. அதே மென்பொருளைத் தாய்லாந்தின் சிறிய கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தபோது, எடுத்த படங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் 'தெளிவில்லை' என்று அது திருப்பிவிட்டது. 2020-ல் வெளியான அந்த ஆய்வு சொன்ன காரணங்கள் எளியவை. அறையில் வெளிச்சம் சரியில்லை, கூட்டம் அதிகம், நர்ஸுக்கு நேரம் போதவில்லை. திருப்பிவிடப்பட்டவர்கள் வேறொரு நாள் தூரத்து மருத்துவமனைக்குப் போக வேண்டி வந்தது. எவ்வளவு புத்திசாலித்தனமான மென்பொருளானாலும், முதலில் படம் ஒழுங்காக விழ வேண்டும் என்பதுதான் அந்தப் பாடம்.

டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த், இன்று சேலத்திலும் இருக்கிறது. நாமக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. வசதிகள் நம் பக்கம் நகர்ந்து வந்துகொண்டிருக்கின்றன. மெஷின் வாங்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். மெஷினோடு, படத்தைத் தெளிவாக்கும் நல்ல மென்பொருளையும் கேட்டு வாங்குங்கள். பொறுமையாக உட்காரவைத்துப் படம் எடுக்கத் தெரிந்த டெக்னீஷியனை நியமித்து, அவருக்கு நேரமும் கொடுங்கள். பெரிய நகரத்துக் கண்ணுக்குக் கிடைக்கும் அதே தெளிவு எருமப்பட்டிக் கண்ணுக்கும் கிடைக்க வேண்டும்.

நம் வீட்டளவில் செய்யக்கூடியவையும் உண்டு.

ஸ்கேனுக்கு உட்காரும் முன் நன்றாக நாலைந்து முறை கண்ணைச் சிமிட்டச் சொல்லுங்கள். கண் எரிகிறது, வறண்டிருக்கிறது என்றால் டெக்னீஷியனிடம் சொல்லுங்கள். சொட்டு மருந்து விட்டாலே பல நேரம் படம் தெளிந்துவிடும். ஸ்டூல் உயரம் தோதாக இல்லையென்றால் கூச்சப்படாமல் மாற்றச் சொல்லுங்கள். கழுத்து வலித்தால் கண் நிலையாக நிற்காது.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும், அதில் 'சிக்னல் ஸ்ட்ரெங்த்' என்று ஓர் எண் இருக்கிறதா பாருங்கள். பரவலாக உள்ள ஒரு வகை மெஷினில் அது 10-க்கு இவ்வளவு என்று அச்சாகும். அதில் 6-க்குக் கீழே இருந்தால் நம்பகம் குறைவு. வேறு மெஷின்களில் அளவு வேறாக இருக்கும். "இந்த மார்க் போதுமா, இன்னொரு தடவை எடுக்கலாமா?" என்று கேளுங்கள்.

சிவப்புக் கட்டத்தைப் பார்த்ததும் கலங்க வேண்டாம். கண் அழுத்தம், பார்வைப் பரப்புச் சோதனை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார். பச்சை என்பதற்காக அடுத்த வருடம் போகாமல் இருந்துவிடவும் வேண்டாம்.

பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரு ஃபைலில் போட்டு, ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள். முடிந்தவரை அதே மெஷினில் எடுத்தால் ஒப்பிட வசதி. மெஷினுக்கு மெஷின் அளவு கொஞ்சம் மாறும்.

முக்கியமாக ஒன்று. ரிப்போர்ட்டை போனில் போட்டோ எடுத்து, திருப்பூரில் இருக்கும் மகனுக்கோ துபாயில் இருக்கும் மருமகனுக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர் அதை இன்னொரு டாக்டரிடம் காட்டும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. டியூப்லைட் பளபளப்பு விழுந்து, கோணலாகி, வாட்ஸ்அப்பில் சுருங்கிப் போன படத்தில் 5 மைக்ரான் எங்கே தெரியும்? மருத்துவமனையிலேயே பிடிஎஃப் ஆகக் கேட்டு வாங்கி, அதை டாகுமென்டாக அனுப்புங்கள். தாளில் அச்சாவது ஒன்றிரண்டு குறுக்குவெட்டுகள்தான். மெஷினுக்குள் நூற்றுக்கணக்கில் இருக்கும். சந்தேகம் உள்ள இடத்தில், டாக்டர் மெஷினிலேயே முழுவதையும் பார்த்துச் சொல்வதுதான் சரி.

கடைசியாக ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் சுகர் உள்ளவர் இருந்தால், பார்வை நன்றாகத்தான் தெரிகிறது என்று அவரே சொன்னாலும், வருடத்துக்கு ஒரு முறை விழித்திரையைப் பார்த்துவிடுங்கள். துணைக்கு நீங்களும் போங்கள். டாக்டரிடம், "படம் தெளிவா விழுந்திருக்குங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். நல்ல டாக்டர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார்.

அன்புடன்,
ஆசிரியர்